எக்ஸ்க்ளூசிவ் கேம்களுக்குக் கொட்டிய காசு திரும்பி வந்ததா?

2014 ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கேம்ஸ்காம் கண்காட்சி நடந்தது. அங்கே மைக்ரோசாஃப்ட் மேடையில், ‘ரைஸ் ஆஃப் த டூம் ரைடர்’ அடுத்த வருடக் கடைசியில் வருகிறது, அதுவும் தங்கள் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸில் மட்டும்தான் என்று அறிவித்தார்கள். இப்படி ஒரே பெட்டிக்கென்று வரும் கேமைத்தான் எக்ஸ்க்ளூசிவ் என்பார்கள். இணையம் பற்றிக்கொண்டது. அந்தக் கேமின் நாயகி லாரா க்ராஃப்டைச் சோனியின் பிளேஸ்டேஷனில் பார்த்தே வளர்ந்த ஒரு கூட்டம் உலகம் முழுக்க உண்டு. அவர்களுக்கெல்லாம் ஒரே கோபம். இது நிரந்தரமா, கொஞ்ச நாளைக்கா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. கடைசியில் எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் ஒரு பேட்டியில், ஒப்பந்தத்துக்குக் கால வரம்பு உண்டு என்று ஒத்துக்கொண்டார்.

அதே பேட்டியில் அவர் போகிறபோக்கில் சொன்ன இன்னொன்று இருக்கிறது. சோனியின் ‘அன்சார்ட்டட்’ தனக்குப் பிடிக்கும், அந்தத் தரத்தில் ஒரு ஆக்‌ஷன் அட்வென்சர் தங்களிடம் இன்று இல்லை என்றார். மொத்த வியாபாரமும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. அப்படி ஒரு கேமைச் சொந்தமாகச் செய்ய வேண்டுமானால் நாலைந்து வருடம் பிடிக்கும், அதுவும் நன்றாக வரும் என்று உத்தரவாதம் இல்லை. வேறு யாரோ செய்துகொண்டிருப்பதைக் காசு கொடுத்துப் பிடித்துவைத்தால் அடுத்த தீபாவளிக்கே கடையில் வைத்துவிடலாம்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது, நாள்தான் சரியாக அமையவில்லை. ‘அன்சார்ட்டட் 4’ 2015-இல் வரும் என்று சோனி சொல்லியிருந்தது. அதற்கு எதிராக நிறுத்தத்தான் லாரா. ஆனால் அன்சார்ட்டட் 2016 மே மாதத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. எதிராளி வராத களத்தில் லாரா தனியாக ஜெயித்திருக்க வேண்டும். 2015 நவம்பர் 10 அன்று கேம் கடைக்கு வந்தது. அதே நவம்பர் 10 அன்று ‘ஃபால்அவுட் 4’ வந்தது. முதல் நாளுக்கே 1.2 கோடி பிரதிகளை அனுப்பியிருந்தார்கள், மதிப்பு 75 கோடி டாலர் என்று பெதஸ்தா நிறுவனம் பெருமையாக அறிவித்தது. அதற்கு நாலு நாள் முன்னால் ‘கால் ஆஃப் டூட்டி’யின் புதிய பாகம். இரண்டு வாரம் முன்னால் மைக்ரோசாஃப்டின் சொந்தப் பிள்ளையான ‘ஹேலோ 5’.

அப்போது என்னிடம் இருந்தது பிஎஸ்4, அதாவது பிளேஸ்டேஷன் 4. சித்தி மகனிடம் எக்ஸ்பாக்ஸ் ஒன். கொலோன் அறிவிப்பு வந்த நாளிலிருந்து, “என்ன அண்ணா, லாரா உங்க ஊர் பக்கம் வரமாட்டாளாமே?” என்று ஃபோன் போட்டு வம்புக்கு இழுப்பான். நவம்பரில் அவன் வீட்டுக்குப் போனபோது, எங்கேடா லாரா என்று கேட்டேன். அவன் ஃபால்அவுட் 4-இல் மூழ்கிப்போயிருந்தான். “அப்புறம் விலை குறையட்டும், வாங்கிக்கலாம் அண்ணா” என்றான். அவனிடம் ஏற்கெனவே அந்தப் பெட்டி இருந்தது. மைக்ரோசாஃப்ட் கொடுத்த காசு அவனைப் பொறுத்தவரை எதையும் மாற்றவில்லை. என்னைப் பொறுத்தவரையும் அப்படித்தான். அன்று நம்மூரில் பிஎஸ்4 அறிமுக விலை 39,990 ரூபாய், எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் அதே 39,990. ஒரு கேமுக்காக இன்னொரு நாற்பதாயிரத்தை எடுத்து வைக்க எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? அடுத்த அக்டோபரில் பிஎஸ்4-க்கு வந்தது, அதுவரை வெளியான எல்லா டிஎல்சியும் (கேமுக்குப் பிறகு தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) உள்ளடக்கி. வாங்கினேன், முழுசாக முடித்தேன். காத்திருந்தவனுக்குக் கூடுதல் சரக்கு.

2013-இல் வந்த முந்தைய ‘டூம் ரைடர்’ நாலு வாரத்தில் 34 லட்சம் பிரதிகள் விற்றிருந்தது. அதையே எதிர்பார்ப்புக்குக் குறைவு என்று அதை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் அப்போது அலுத்துக்கொண்டது. ரைஸ், 2015 முடியும்போது எக்ஸ்பாக்ஸில் 10 லட்சத்தைத் தாண்டியதாக அறிவித்தார்கள். கேம் பிரமாதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பனிமலைக் காட்சிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

சரி, மைக்ரோசாஃப்டுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கும் முன், இந்தத் தொழிலில் காசு எங்கே விளைகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் லாபம் கிடையாது, இருந்தாலும் சொற்பம். எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில், 2021 மே மாதம், மைக்ரோசாஃப்டின் லோரி ரைட் நீதிமன்றத்தில் இதை வெளிப்படையாகவே சொன்னார்: எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்று அவர்கள் லாபம் பார்த்ததே இல்லை. லாபமெல்லாம் அந்தப் பெட்டிக்காக விற்கிற கேம்களில் எடுக்கிற கமிஷனிலும் சந்தாவிலும்தான். டிஜிட்டல் கடையில் கமிஷன் வழக்கமாக 30 சதவீதம். 60 டாலர் கேம் ஒன்று விற்றால் 18 டாலர்.

இதை வைத்து ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவர் புதிதாகப் பெட்டி வாங்கி, ஐந்து வருடத்தில் பத்து கேம் வாங்குகிறார்: 180 டாலர். ஆன்லைனில் விளையாட வருடத்துக்கு 60 டாலர் சந்தா கட்டுகிறார்: 300. ஆக ஒரு தலைக்கு 480 டாலர். ஒரு எக்ஸ்க்ளூசிவுக்கு 5 கோடி டாலர் கொடுத்தால், அந்தக் கேமுக்காகவே ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் புதிதாக வந்தால் போதும், போட்ட காசு வந்துவிடும். கோடிக்கணக்கில் பெட்டி விற்கும் தொழிலில் ஒரு லட்சம் பேர் பெரிய விஷயமே இல்லை. அதனால்தான் இந்த ஒப்பந்தங்களைப் பார்த்து ‘முட்டாள்தனம்’ என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட முடியாது. மீட்டிங் அறையில் இந்தக் கணக்கைக் காட்டினால் யாரும் கையெழுத்துப் போடுவார்கள்.

சிக்கல் ‘புதிதாக’ என்ற இடத்தில் இருக்கிறது. என் சித்தி மகன் கணக்கில் வரமாட்டான். எப்படியும் எக்ஸ்பாக்ஸ்தான் வாங்கியிருப்போம் என்பவர்களும் வரமாட்டார்கள். கால வரம்பு உண்டென்று தெரிந்துவிட்டால் என்னைப் போலக் காத்திருப்பவர்களும் வரமாட்டார்கள். மிச்சம் எத்தனை பேர்?

விலை எப்படி நிர்ணயமாகிறது என்று பார்த்தால் இது இன்னும் சிக்கலாகிறது. ஒரு பப்ளிஷர், அதாவது கேமை வெளியிடும் நிறுவனம், தன் கேமை ஒரு பெட்டிக்கு மட்டும் கொடுக்கிறார் என்றால், இன்னொரு பெட்டியில் விற்றிருக்கக்கூடிய பிரதிகளை இழக்கிறார். அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்காவது கேட்பார். எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்தில் பிஎஸ்4 இரண்டு மடங்குக்கு மேல் விற்றது, இதை மைக்ரோசாஃப்டே பின்னாளில் ஒத்துக்கொண்டது. ஒரு கேம் பிஎஸ்4-இல் 20 லட்சமும் எக்ஸ்பாக்ஸில் 10 லட்சமும் விற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரதிக்குப் பப்ளிஷர் கைக்கு வருவது 42 டாலர். எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் கொடுத்தால் அவர் இழப்பது 8.4 கோடி டாலர். பிளேஸ்டேஷனுக்கு மட்டும் கொடுத்தால் 4.2 கோடி. அதே கேம், பின்தங்கியவருக்கு இரண்டு மடங்கு விலை. யாருக்கு அவசரத் தேவையோ அவர்தான் அதிகம் அழ வேண்டும், யாருக்குத் தேவையே இல்லையோ அவருக்குச் சல்லிசாகக் கிடைக்கிறது. இந்தத் தொழிலில் நான் பார்த்த மிகக் கொடுமையான விதி இதுதான்.

லாராவின் சொந்தச் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1996-இல் முதல் டூம் ரைடர் சேகா சாட்டர்ன், பிளேஸ்டேஷன், பிசி மூன்றிலும் வந்தது. 1997-இல் சோனி, அன்று அதை வெளியிட்டுவந்த ஈடோஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 2000-ஆம் ஆண்டு வரை கன்சோல்களில் லாரா பிளேஸ்டேஷனுக்கு மட்டுமே என்று ஆக்கிவிட்டது. அப்போது சாட்டர்ன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நிண்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜில் ஓடும் பெட்டி, டிஸ்க்குக்கென்று செய்த கேமை அதற்குள் அடைப்பதே பெரும்பாடு. ஈடோஸ் இழந்தது கொஞ்சம்தான். சோனிக்குக் கிடைத்ததோ, ஒரு தலைமுறையே லாராவையும் பிளேஸ்டேஷனையும் சேர்த்தே நினைக்கும் பழக்கம். 2014-இல் கொலோனில் கோபப்பட்டார்களே, அந்தக் கோபத்தை சோனி 1997-இலேயே வாங்கி வைத்துவிட்டது. அதே லாராவை மைக்ரோசாஃப்ட் வாங்கப் போனது தான் பின்தங்கியிருந்த காலத்தில், லாராவுக்குப் பதினெட்டு வயதான பிறகு, ரசிகர்கள் வேறு வீட்டில் குடியேறிவிட்ட பிறகு.

இதைவிடப் பிரமாதமான கொள்முதல் ஒன்று உண்டு. கன்சோல் வரலாற்றிலேயே எக்ஸ்க்ளூசிவுக்காகப் போட்ட காசு இவ்வளவு பலன் தந்தது வேறு எங்கும் இல்லை என்பேன். அன்று சோனியின் ஐரோப்பியப் பிரிவுக்குத் தலைவராக இருந்த கிறிஸ் டீரிங் பின்னாளில் இதை விவரமாகச் சொன்னார். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸோடு வரப்போகிறது என்று தெரிந்ததும், கையில் காசுள்ள ஆள், எக்ஸ்க்ளூசிவ் வாங்கத்தான் செய்வான் என்று முன்கூட்டியே யோசித்தார்கள். தெரிந்த பப்ளிஷர்களிடம் போய், அடுத்த கேமை இரண்டு வருடம் எங்களிடம் மட்டும் வைத்திருந்தால் தனிச் சலுகை தருகிறோம் என்று பேசினார்கள். டேக்-டூ நிறுவனம் அடுத்த மூன்று ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’க்களுக்கும் சம்மதித்தது. அதுவரை ஜிடிஏ என்பது மேலிருந்து பார்க்கும், எறும்பு ஊர்வது மாதிரியான ஒரு சின்ன கேம். மூன்றாம் பாகம் இவ்வளவு பெரிதாக வெடிக்கும் என்று யாருக்கும் அப்போது தெரியாது.

காசை சூட்கேஸில் வைத்து நீட்டவும் இல்லை. ஒவ்வொரு பிரதிக்கும் சோனிக்குக் கட்ட வேண்டிய ராயல்டியில் தள்ளுபடி, அவ்வளவுதான். கேம் ஓடினால்தான் தள்ளுபடிக்கே மதிப்பு. ஓடாவிட்டால் சோனிக்கு நஷ்டம் ஏதுமில்லை. எக்ஸ்பாக்ஸ் அப்போது கடைக்கே வரவில்லை, அதில் விற்றிருக்கும் பிரதி என்று எதைச் சொல்லி டேக்-டூ பேரம் பேசும்? ஜிடிஏ 3 வந்தது 2001 அக்டோபர், எக்ஸ்பாக்ஸ் வந்தது நவம்பர். ‘வைஸ் சிட்டி’, ‘சான் ஆண்ட்ரியாஸ்’ இரண்டும் பிஎஸ்2-இல் மட்டுமே தலா ஒரு கோடிக்கு மேல் விற்றன. பிஎஸ்2 கடைசியில் 16 கோடியைத் தொட்டது, முதல் எக்ஸ்பாக்ஸ் சுமார் 2.4 கோடியோடு நின்றது. எல்லாமே ஜிடிஏவால் என்று சொல்ல மாட்டேன், டிவிடி பிளேயராகவும் ஓடியது முதல் எத்தனையோ காரணம் உண்டு. ஆனாலும் அந்த மூன்று கேமும் இல்லாத பிஎஸ்2-வை நினைத்துப் பாருங்கள். (நம்மூரில் வைஸ் சிட்டி என்றாலே பிசிதான் நினைவுக்கு வரும், எத்தனை பேர் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் போட்டு விளையாடினோம். பிசிக்கு சில மாதங்களிலேயே வந்துவிட்டது. சோனி அதைக் கண்டுகொள்ளவில்லை, அன்று அவர்களுக்குப் போட்டி என்றால் இன்னொரு பெட்டிதான்.)

மைக்ரோசாஃப்ட் பாடம் கற்றுக்கொண்டது, கொஞ்சம் தாமதமாக. 2006-இல் இ3 கேம் கண்காட்சி மேடையில் மைக்ரோசாஃப்டின் பீட்டர் மூர் சட்டைக் கையை மடக்கி, கையில் ‘ஜிடிஏ 4’ என்று பச்சை குத்தியிருந்ததைக் காட்டியது அன்றைய கேமர்கள் யாருக்கும் மறந்திருக்காது. கேம் இரண்டு பெட்டிக்கும் ஒரே நாளில் வந்தது, அதைத் தடுக்கும் விலை யார் கையிலும் இல்லை. அதற்குப் பதில், பின்னால் வரும் இரண்டு கூடுதல் கதைகளை மட்டும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கென்று வாங்கினார்கள். விலை 5 கோடி டாலர் என்று டேக்-டூவின் நிதி அதிகாரியே 2007-இல் சொல்லிவிட்டார். முழு கேம்கூட இல்லை, டிஎல்சி. 2009-இல் இரண்டும் வந்தன, 2010 ஏப்ரலில் பிஎஸ்3-க்கும் பிசிக்கும் போய்விட்டன. ஏற்கெனவே கேம் வைத்திருப்பவருக்குத்தான் டிஎல்சி, அதைப் பார்த்து யார் புதிதாகப் பெட்டி வாங்கப்போகிறார்? சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

ராயல்டி தள்ளுபடி, ரொக்கம் தவிர இன்னும் பல வழிகள் உண்டு. விளம்பரச் செலவை ஏற்றுக்கொள்வது ஒன்று. கால் ஆஃப் டூட்டிக்கு முதலில் எக்ஸ்பாக்ஸும் 2015 முதல் சோனியும் அதைத்தான் செய்தன. கேம் செய்கிற செலவில் பங்கு போடுவது இன்னொன்று. அப்புறம் மினிமம் கேரண்டி. நம் சினிமா விநியோகஸ்தர்கள் எம்.ஜி. என்பார்களே, அதேதான்: படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு உனக்கு நிச்சயம். போட்டிப் பெட்டிக்குப் போகாமல் தடுப்பதற்கென்றே கொடுக்கும் காசும் உண்டு. கேம்களை மைக்ரோசாஃப்டின் சந்தா சேவையான கேம் பாஸில் சேர்க்காமலிருக்க சோனி டெவலப்பர்களுக்குப் பணம் தருகிறது என்று 2022-இல் பிரேசில் ஒழுங்குமுறை ஆணையத்திடம் மைக்ரோசாஃப்ட் புகார் சொன்னது. வாங்குவதற்கு இல்லை, அடுத்தவன் வாங்காமலிருக்க. வாடிக்கையாளனாக எனக்கு எரிச்சலூட்டுவது இந்த வகைதான்.

எல்லா எக்ஸ்க்ளூசிவையும் ஒரே தட்டில் வைத்துவிடவும் கூடாது. ‘பேயோனெட்டா 2’-வை சேகா கைவிட்டது. நிண்டெண்டோ காசு போட்டது, அவர்களுடைய வீ யூ பெட்டியில் 2014-இல் வந்தது. முதல் பாகத்தைப் பிஎஸ்3-இலும் எக்ஸ்பாக்ஸ் 360-இலும் விளையாடியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் நிண்டெண்டோ இல்லாவிட்டால் அந்த கேமே இல்லை, யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. வீ யூவை அது காப்பாற்றவில்லை, அந்தப் பெட்டி 1.36 கோடி அளவில் படுத்துவிட்டது. ஆனால் அடுத்த பெட்டியான ஸ்விட்ச் வந்ததும் 2018-இல் இரண்டு பாகங்களையும் அதில் போட்டார்கள், 2022-இல் மூன்றாம் பாகமும் வந்தது. ரைஸுக்குக் கொடுத்த காசு ஓராண்டோடு முடிந்தது. பேயோனெட்டாவுக்குக் கொடுத்தது அடுத்த பெட்டிக்கும் உழைத்தது.

சோனியின் கதையில் இதற்கு இன்னும் சுவையான ஒரு பக்கம் உண்டு. 2009-இல் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் ஸ்டுடியோவோடு சேர்ந்து ‘டீமன்ஸ் சோல்ஸ்’ செய்தது சோனிதான். கேமின் உரிமையும் சோனியிடம். அன்று உலகளாவிய ஸ்டுடியோக்களுக்குத் தலைவராக இருந்த ஷூஹெய் யோஷிடா இரண்டு மணிநேரம் போல விளையாடிப் பார்த்துவிட்டு, இது ஒன்றுக்கும் உதவாத கேம் என்று சொல்லிவிட்டார். அவரே பிறகு சிரித்துக்கொண்டே இதைச் சொல்லியிருக்கிறார். ஆகவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சோனி அதை வெளியிடவில்லை. அமெரிக்காவில் அட்லஸ் வெளியிட்டது. வாய்வழியாகப் பேர் பரவி ஓடு ஓடு என்று ஓடியது. அடுத்து வந்த ‘டார்க் சோல்ஸ்’ பந்தாய் நாம்கோ வழியாக எல்லாப் பெட்டிக்கும் போய்விட்டது, ‘எல்டன் ரிங்’ 3 கோடியைத் தாண்டியது. சோனிக்கு மிஞ்சியது ‘பிளட்போர்ன்’ ஒன்றும், பிஎஸ்5-ஓடு 2020-இல் இறக்கிய டீமன்ஸ் சோல்ஸ் மறுஉருவாக்கமும். ஃப்ரம்சாஃப்ட்வேரின் தாய் நிறுவனமான கடோகவாவில் தன் பங்கைச் சுமார் பத்து சதவீதமாக உயர்த்த 2025 தொடக்கத்தில் சோனி சுமார் 5,000 கோடி யென் கொடுத்தது. இதற்கிடையில் ஃப்ரம்சாஃப்ட்வேர் ‘த டஸ்க்பிளட்ஸ்’ என்ற கேமை ஸ்விட்ச் 2-க்கு மட்டும் என்று அறிவித்துவிட்டது. மொட்டாக இருக்கும்போது கையில் இருந்ததைக் கோட்டைவிட்டு, மரமான பிறகு கிளையை விலை பேசுகிறார்கள்.

சரி, வாடகைக்கு எடுப்பதைவிட வாங்கிப்போடுவது மேல் என்றால், ஸ்டுடியோவையே வாங்கிவிடலாமே? ஒருமுறை மிக நன்றாகப் பலித்திருக்கிறது. ‘ஸ்பைடர்மேன்’ செய்த இன்சோம்னியாக்கை 2019-இல் சோனி 22.9 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தக் கேம் அதற்குள் 1.3 கோடி பிரதிகள் விற்றிருந்தது. பல வருடம் சேர்ந்து வேலை பார்த்து, குணம் தெரிந்த பிறகு வாங்கினார்கள்.

மைக்ரோசாஃப்ட் போன பாதை வேறு. 2023 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில், ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் கையகப்படுத்துவதற்கு எதிரான வழக்கில், பெதஸ்தாவின் தாய் நிறுவனத்தை ஏன் வாங்கினோம் என்று ஸ்பென்சர் சாட்சி சொன்னார். பெதஸ்தாவின் ‘டெத்லூப்’, ‘கோஸ்ட்வயர்: டோக்கியோ’ இரண்டும் எக்ஸ்பாக்ஸுக்கு வராமலிருக்க சோனி காசு கொடுத்திருந்தது. ‘ஸ்டார்ஃபீல்ட்’டும் அப்படிப் போய்விடலாம் என்று காதுக்கு வந்தது. மூன்றாம் இடத்தில் இருக்கிற நாங்கள் இன்னும் பின்தங்க முடியாது என்று நிறுவனத்தையே வாங்கிவிட்டோம் என்றார். விலை 750 கோடி டாலர். இதில் ஒரு வேடிக்கை: பழைய ஒப்பந்தத்தை மதித்தாக வேண்டும் என்பதால், மைக்ரோசாஃப்டின் சொந்த ஸ்டுடியோ செய்த டெத்லூப் 2021 செப்டம்பரில் பிஎஸ்5-இல் ஜம்மென்று இறங்கியது. எக்ஸ்பாக்ஸ்காரர்கள் ஒரு வருடம் காத்திருந்தார்கள். சோனி இரண்டு கேமை ஓராண்டுக்குப் பிடித்துவைத்ததற்குக் கொடுத்த உண்மையான விலை என்ன என்று இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. போட்டியாளரை 750 கோடிக்குச் செலவு செய்ய வைத்தது சாமர்த்தியமா, அல்லது ஃபால்அவுட்டையும் எல்டர் ஸ்க்ரோல்ஸையும் தூக்கி எதிராளி மடியில் போட்டதா? அன்றைய நிலவரத்தில் இரண்டாவது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஸ்டார்ஃபீல்ட் 2023 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும் மட்டும் வந்தது. அந்தக் காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் பெட்டி வருமானம் 7 சதவீதம் குறைந்தது. கேம், சேவை வருமானம் 13 சதவீதம் ஏறியது. 2024-இன் முதல் காலாண்டில் பெட்டி வருமானம் 31 சதவீதம் விழுந்தது. புதியவர்கள் பெட்டி வாங்க வரவில்லை, இருக்கிறவர்கள்தான் விளையாடினார்கள். 2024 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நாலு கேமை அடுத்த பெட்டிகளுக்கும் கொடுப்பதாக அறிவித்தது, அதில் ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ஸும் ஒன்று. பிறகு ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’, ‘கியர்ஸ் ஆஃப் வார்’. 2025 அக்டோபரில் ‘ஹேலோ’வே பிஎஸ்5-க்கு வருகிறது என்றார்கள். சித்தி மகன் ஃபோன் போட்டு, “இனிமே உங்களை எதைச் சொல்லி ஓட்டுறது அண்ணா?” என்றான்.

அதே 2023 விசாரணையில் சோனி தாக்கல் செய்த ஒரு ஆவணத்தில், ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது மசிக்கு அடியில் எல்லாம் தெரிந்தது. ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ செய்ய ஆன செலவு 22 கோடி டாலர், ‘ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்’ 21.2 கோடி. ஒரு கேமைச் செய்யவே இவ்வளவு என்றால், அதை ஒரே பெட்டியில் மட்டும் விற்றுக் காசை மீட்பது எவ்வளவு கஷ்டம்! சோனி 2020-லிருந்தே பழைய எக்ஸ்க்ளூசிவ்களைப் பிசிக்குக் கொண்டுபோக ஆரம்பித்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ‘ஹெல்டைவர்ஸ் 2’ 2024-இல் பிஎஸ்5, பிசி இரண்டிலும் ஒரே நாளில் வந்து பன்னிரண்டு வாரத்தில் 1.2 கோடி விற்றது. 2025 ஆகஸ்டில் சோனியே அதை எக்ஸ்பாக்ஸுக்கும் வெளியிட்டது.

விற்கிறவர்கள் பக்கமும் முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேப்காம் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’-க்கு சோனி தோள் கொடுத்தது, எக்ஸ்பாக்ஸுக்கு வரவில்லை. 20 லட்சம் எதிர்பார்த்த காலத்தில் 14 லட்சம்தான் போனது. ஆறாம் பாகத்தை எக்ஸ்பாக்ஸுக்கும் சேர்த்தே கேப்காம் கொடுத்தது. ‘ஃபைனல் ஃபேண்டஸி 16’ 2023 ஜூனில் பிஎஸ்5-இல் மட்டும் வந்து முதல் வாரத்தில் 30 லட்சம் விற்றது. அடுத்த வருடம் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீபர்த்’தும் பிஎஸ்5-இல் மட்டும்தான். லாபம் எதிர்பார்த்த அளவு இல்லை என்று இரண்டையும் வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸே சொன்னது, 2024 மே மாதத்தில் இனி எல்லாப் பெட்டிக்கும் என்று கொள்கையையே மாற்றிக்கொண்டது. 16-ஆம் பாகம் எக்ஸ்பாக்ஸை அடைந்தது 2025 ஜூன். இரண்டு வருடம் கழித்து வரும் கேமுக்கு யார் வாசலில் நிற்கப்போகிறார்கள்? பப்ளிஷர் இழப்பது அந்த வருடப் பிரதிகளை மட்டுமில்லை. அடுத்த பாகம் வரும்போது, முந்தையதை விளையாடியிராத ஒரு முழுப் பெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கேட்டால் எக்ஸ்க்ளூசிவ் விலை இன்னும் ஏறும்.

எக்ஸ்க்ளூசிவ்களால் பலன் பெறுவது பின்தங்கியவர்கள்தான் என்று வாதிடுவோரும் உண்டு. அது வெறும் வாதமும் இல்லை. ஹார்வர்டின் ராபின் லீ, பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோவின் கேம்கியூப் காலத்து விற்பனையை வைத்து 2013-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். எக்ஸ்க்ளூசிவ்களே தடை செய்யப்பட்டிருந்தால் முன்னால் நின்ற சோனிதான் லாபம் அடைந்திருக்கும், புதிதாக வந்த இருவரும் அடிபட்டிருப்பார்கள், வாங்குகிறவர்களுக்கு மொத்தத்தில் நன்மையாக இருந்திருக்கும் என்பது அவர் முடிவு. இது நான் மேலே சொன்னதற்கு முரண் இல்லை. ஹேலோ இல்லாத முதல் எக்ஸ்பாக்ஸை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? ஆனால் ஹேலோவை அவர்கள் பேர்பெற்ற பிறகு வாங்கவில்லை. 2000-இல், கேம் முடிவதற்கு முன்பே பங்ஜி ஸ்டுடியோவை வாங்கினார்கள். ஒரு பெட்டி பிறக்கும்போது, எல்லாரும் பூஜ்யத்தில் நிற்கும்போது, பின்தங்கியவர் என்று யாருமில்லை, விலையும் ஏறியிருக்காது. நடு வழியில், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, பெரிய பேரைக் காசு கொடுத்துத் தூக்கிவருவதுதான் கையைக் கடிக்கிறது.

அதனால் இப்போதெல்லாம் எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தச் செய்தி எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது விலையை இல்லை, கேமின் வயதை. பேர் தெரிந்த தொடரின் எட்டாம் பாகம் என்றால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். சோனி சீனாவில் ‘சைனா ஹீரோ ப்ராஜெக்ட்’ என்று புதிய டெவலப்பர்களுக்குப் பணமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்து வருகிறது. ஒரே ஆள் தொடங்கிய ‘லாஸ்ட் சோல் அசைட்’ பல வருட இழுபறிக்குப் பிறகு 2025-இல் அதில்தான் வெளியானது. விமர்சனம் சுமார்தான், இருக்கட்டும். அதே திட்டத்தை 2023-இல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். மும்பையின் அண்டர்டாக்ஸ் ஸ்டுடியோ செய்யும் ‘முக்தி’ அதில் ஒன்று. ஓர் அருங்காட்சியகத்துக்குள் நடக்கும் கதை, ஆள் கடத்தல் பற்றியது. பிளேஸ்டேஷனோடு பிசிக்கும் வருகிறது. ரைஸ் மாதிரி ஒரு பேருக்குக் கொட்டும் காசில் இப்படி எத்தனை ஸ்டுடியோக்களுக்குச் சம்பளம் போடலாம்! பத்தில் எட்டு ஊத்திக்கொள்ளும்தான். மிச்சம் இரண்டில் ஒன்று, யோஷிடா இரண்டு மணிநேரத்தில் தூக்கிப்போட்டாரே, அந்த மாதிரி கேமாக இருந்துவிட்டால்?